முப்பது அடிக்கு மேலே சபையின் வானம்

சம்புமுனையில் ஒருவருடைய வளவில் தரையிலிருந்து முப்பது அடி வரைக்கும் உள்ள வானம் அவருடையது, அதற்கு மேலே உள்ளது பிரதேச சபையுடையது என்ற விஷயம் பதியுதீனுக்கு ஐம்பத்தாறு வயது வரைக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. அவருடைய பங்கு வானத்தை இரண்டு தென்னை மரங்கள் சத்தமில்லாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

மதுரங்குளிச் சந்தியில் ரேடியோ, டீவி திருத்தும் கடை வைத்திருந்த மனிதர். திருத்தத் திருத்த ரேடியோமீது பித்துப் பிடித்து, கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அமெச்சூர் வானொலிக்காரர் என்று அரசாங்க அனுமதிப்பத்திரமும் எடுத்தார். அதாவது வீட்டில் சொந்தமாக ஒரு வானொலிச் செற் வைத்து, உலகத்தின் எந்த மூலையிலாவது தன்னைப் போலவே செற் வைத்துக்கொண்டு குந்தியிருக்கும் இன்னொருவரோடு அவர் கதைக்கலாம். பிறகு சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து முதலில் வலக் கண்ணையும், போதாதென்று இடக் கண்ணையும் கொண்டுபோனது. கண்ணோடு கடையும் போனது. செற் மட்டும் மிஞ்சியது.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் பதியுதீன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு தென்னைகளுக்கும் நடுவே கட்டிய செம்புக் கம்பி வழியாக அவருடைய மோர்ஸ் தட்டல்கள் கடல்களைத் தாண்டி ஜப்பானில் தனாபே என்ற கிழவரின் வீட்டில் போய் இறங்கும். தனாபே தன் ஊர் மழையைச் சொல்வார். பதியுதீன் தன் ஊர்க் காற்றைச் சொல்வார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த நேரத்தில் மட்டும் பதியுதீன் குருடர் இல்லை. தனாபேயிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் ஒரு தென்னையின் தலையில் மின்னல் விழுந்தது. மற்றது வேலிக்கு அந்தப்பக்கம் ஹஸ்மி ஹாஜியாரின் காணியில் நின்றது. ஹாஜியார் இறால் வளர்ப்பவர். இன்னொரு குளம் வெட்டவேண்டும் என்று அதைத் தறித்துவிட்டார். கம்பி மண்ணில் விழுந்தது. பதியுதீன் அதை எடுத்து வீட்டுக்குள்ளே கூரைமரத்தில் சுற்றிக் கட்டினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தனாபே கூப்பிடுவது மெல்லியதாகக் கேட்டது. இவர் பதில் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. கிழவர் கூப்பிட்டார், பொறுத்தார், திரும்பக் கூப்பிட்டார். பதியுதீன் மோர்ஸ் விசையைத் தட்டித் தட்டி விரல் நோக உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மனைவி மர்ஷூதா தையல் மெசினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்க, ஒரு இரும்புக் குழாய நட்டு அதில கம்பியக் கட்டினா என்ன? மரம்தான் வேணுமிண்டு உங்கட ஜப்பான்காரர் கேட்டாரா?"

நாற்பது அடிக் குழாய் வேண்டும் என்றார் பதியுதீன். முப்பதுக்கு மேலே போனால் சபையில் கேட்க வேண்டும் என்றார் ஊர்க் கிராம சேவகர். கணவனும் மனைவியும் சபைக்குப் போனார்கள். தேநீர் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று மர்ஷூதா சட்டியில் பருப்பை ஊறப்போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சபையின் செயலாளர் யூஜீனியா மிஸ் கெட்டவர் இல்லை. உதவி செய்கிற மனம் உள்ளவர். பதியுதீனுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த மனத்தால் வந்ததுதான்.

"போன் கம்பனிக் கோபுரமா, தண்ணிக் கோபுரமா, வணக்கஸ்தலமா?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல மிஸ்," என்றாள் மர்ஷூதா. "எங்கட ஊட்டுக்காரர்ட ரேடியோவுக்கு."

"அப்பிடி ஒரு கோபுரம் எங்கட பிரதேசத்தில இல்லையே."

"இல்லாததாலதானே மிஸ் கட்டப் போறம்."

"இல்லாத ஒண்டுக்கு எப்பிடி அனுமதி குடுக்கிறது? முதல்ல அது இருக்கணும். ஆனா இருந்தா அது அனுமதியில்லாம கட்டினது. உடைக்கணும்." யூஜீனியா மிஸ் பெருமூச்சு விட்டார். அவருக்கே கவலையாகத்தான் இருந்தது. "ஒண்டு செய்வம். தண்ணிக் கோபுரமெண்டு போடுவம். தாங்கியின்ட கொள்ளளவு பூச்சியம்."

பதியுதீன் எதுவும் விளங்காமல் சத்தம் வந்த பக்கம் தலையாட்டினார். றப்பர் முத்திரை விழுந்த ஓசை அவருக்குக் கேட்டது. நல்ல சகுனம் என்று நினைத்தார்.

தண்ணீர்க் கோபுரம் என்று பதிந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் வராமல் இருக்க முடியுமா? சாள்ஸ் என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். டெங்குக் காலம். தாங்கியைக் காட்டச் சொன்னார்.

"தாங்கி இல்ல தொர," என்றார் பதியுதீன். "அது சும்மா பேருக்கு."

"எங்க வைக்கப் போறீங்க?"

மர்ஷூதா முற்றத்தில் ஓர் இடத்தைக் காட்டி, பிறகு அதற்கு மேலே வானத்தைக் காட்டினாள். சாள்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிவப்பு மையில் எழுதி வாசித்தும் காட்டினார், வீட்டுக்காரர் பார்வையில்லாதவர் என்ற இரக்கத்தால். "தாங்கி காணப்படவில்லை. ஆகையால் மூடியும் காணப்படவில்லை. நுளம்புகள் பெருகக்கூடிய விதமாக மூடியற்ற தாங்கி பேணிய குற்றம்."

"இல்லாத தாங்கியில எப்பிடி தொர நுளம்பு பெருகும்?" என்றாள் மர்ஷூதா.

"அது நுளம்பின்ட பிரச்சின. என்ட பிரச்சின மூடி."

மர்ஷூதா கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பீப்பாய் மூடியைக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவே, தாங்கி இல்லாத இடத்துக்கு நேர் கீழே வைத்தாள். சாள்ஸ் அதைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை இருக்கிறதா என்று தூக்கி வெயிலில் பிடித்தும் பார்த்தார். "இப்ப சரி," என்று முத்திரை போட்டார்.

அடுத்தது பொது அறிவித்தல். கோபுரம் வரப்போகிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மதிலில் ஒட்டுவார்கள். விண்ணப்பதாரர் அதைப் பார்வையிட்டு, "கண்டேன்" என்று ஒப்பமிட வேண்டும்.

"அவருக்கு கண் தெரியா மிஸ். நான் பாத்து ஒப்பம் வைக்கவா?"

யூஜீனியா மிஸ் கதிரையை இழுத்துப் பதியுதீனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பூமணப் பவுடர் வாசம் வந்தது. "பாருங்க பதியுதீன் நானா. சில கந்தோருகள்ல உங்களப் போல ஆக்கள ஒதுக்கி வைப்பாங்க. இந்தச் சபையில அந்தப் பாகுபாடு இல்ல. நாங்க எல்லாரையும் ஒரே மாதிரித்தான் நடத்துறம். குருடரெண்டாலும் பாத்துத்தான் ஆகணும்."

பதியுதீன் மதிலுக்குக் கொண்டுபோகப்பட்டார். அறிவித்தலை இரண்டு கையாலும் தடவினார். பசை காயவில்லை, விரலெல்லாம் ஒட்டியது. "கண்டேன்" என்று ஒப்பமிட்டார். அன்றிரவு சோற்றைப் பிசைந்தபோது பசை நாறியது. மர்ஷூதா தண்ணீர் கொண்டுவந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டாள்.

ஆட்சேபணை ஒன்றே ஒன்று வந்தது. ஹஸ்மி ஹாஜியாருடையது. சபை மண்டபத்தில் விசாரணை. தவிசாளர் இப்ஹாம் தலைமை தாங்கினார்.

"என்ட இறாலுகளுக்கு அலையடிச்சா ஆகாது," என்றார் ஹாஜியார். "பயந்த சாமான். ஒருக்கா வெடி போட்டாலே தீனி தின்னாது. இவர் ஜப்பானுக்கு ரேடியோ அடிச்சா எல்லாம் செத்து மிதக்கும்."

மர்ஷூதா எழும்பினாள். "உங்கட குளத்துக்கு நடுவில கம்பனிக்காரன்ட கோபுரம் வானம் முட்ட நிக்கிதே ஹாஜியார். அது அடிக்கிறது அலை இல்லாம அத்தரா?"

மண்டபத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அந்தக் காணி யாருடைய மச்சானோடு பங்கு என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். தவிசாளர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, அது வேற. அந்தக் கம்பனி எங்களிட்ட அனுமதி கேட்கவே இல்ல. கட்டிப் போட்டுத்தான் அறிவிச்சது. கேட்காதவங்களுக்கு நாங்க எப்பிடி இல்லையெண்டு செல்றது? நீங்க முறையா கேட்டு வந்திரிக்கிறீங்க. முறையா வாறவங்கள நாங்க முறையா விசாரிக்காம உட்டா, அது உங்களுக்குச் செய்ற அவமரியாத."

இதற்கு மண்டபம் கைதட்டியது. என்ன நடக்கிறது என்று தெரியாமல் பதியுதீனும் தட்டினார்.

இறால்களின் அபிப்பிராயம் அறிய உபகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. குழு ஹாஜியாரின் குளத்துக்குப் போய் ஒரு கூடை இறாலை மாதிரிக்கென்று எடுத்துவந்தது. அறிக்கை எப்போது வரும் என்று கேட்கப்போன பதியுதீன் சபையின் படியில் கால்வைத்தபோதே கன்டீன் பக்கமிருந்து வெங்காயத்தோடு இறால் பொரிகிற வாசம் வந்தது. அன்றைக்கே அறிக்கை கிடைத்தது. "மாதிரிகள் முழுமையாக ஆராயப்பட்டன. எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை."

ஆனாலும் அனுமதி வரவில்லை. எதிர்ப்பு இல்லை என்பது ஆதரவு ஆகாதாம்.

இவ்வளவு காலமும் தனாபே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். சில நாட்கள் அவர் கூப்பிடுவதைக் கேட்பதற்கே அஞ்சி பதியுதீன் செற்றைப் போடாமல் இருந்தார். போடாமல் இருந்தால் கிழவர் அங்கே தனியாகக் கூப்பிடுகிறாரே என்ற நினைப்பு வந்து பாதிச் சோற்றில் எழும்பிப் போய்ப் போடுவார். "கேட்டுக்கிட்டு பதில் செல்லாம இரிக்கிற மனிசனெண்டு என்ன நெனைப்பார்," என்று ஒருநாள் மர்ஷூதாவிடம் சொன்னார். "அதுக்கு கண் போனது எவ்வளவோ பரவாயில்ல."

அந்த ஆண்டு மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குச் சபை அவரை மேடைக்கு அழைத்தது. அனுமதிதான் கிடைக்கப்போகிறது என்று மர்ஷூதா அவருக்கு வெள்ளைச் சேட்டு ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தாள். பேண்ட் வாத்தியம் முழங்கியது. யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள். செவ்வந்தி, கொஞ்சம் வாடியது. தவிசாளர் இப்ஹாம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தச் சகோதரர் எத்தனையோ தடவ எங்கட படியேறி வந்தார். ரேடியோ, ரேடியோ எண்டு ஒண்டத்தான் கேட்டார். வீடு கேட்கல்ல. ரோடு கேட்கல்ல. அப்பிடிப்பட்ட மனிசன்ட குரல் இந்தத் தவிசாளர்ட காதில உழாம போகுமா? கேட்டார். குடுத்தம்!"

பதியுதீனின் கையில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. பாட்டுக் கேட்கிற சிறிய ரேடியோ. கமராக்கள் சடசடவென்று அடித்தன. "சிரிங்க நானா," என்று யாரோ காதுக்குள் சொன்னார்கள். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்குள் பற்றரி இல்லை.

அடுத்த மாதம், உள்ளூராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சோடு தவிசாளருக்கு ஒரு சந்தேகமும் வந்தது. யூஜீனியா மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்தக் குருட்டு நானாட ஊடு எந்த இடத்தில?"

"புத்தளம் ரோட்டு வளைவில சேர். பஸ்ஸில வாறவங்க போறவங்க எல்லாருக்கும் அந்த முற்றம் நேரா தெரியும்."

மறுநாள் அனுமதி கிடைத்தது. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மர்ஷூதா அதை வாசிக்க வாசிக்க பதியுதீன் எழும்பி நின்று கேட்டார். நாற்பது அடி கேட்டவருக்கு அறுபது அடி. குழாய் கேட்டவருக்கு நாலு கால் இரும்புக் கோபுரம். கடைசியில் ஒரு வரி: பொதுநலன் கருதி கோபுரத்தின் உச்சியைச் சபை பயன்படுத்தும், அதற்கான மின்சாரத்தை விண்ணப்பதாரர் வழங்குவார்.

"உச்சியில என்ன செய்யப் போறாங்க?" என்றாள் மர்ஷூதா.

"என்னத்தையோ செய்யட்டும். என்ட கம்பிய நடுவில கட்டினாலும் போதும்," என்றார் பதியுதீன். நன்றிக்கென்று இரண்டு ரக்அத் தொழுதார்.

கோபுரம் வந்தது. சபையின் கிரேன், சபையின் ஆட்கள், சபையின் வேகம். சம்புமுனையில் அப்படி ஒரு வேகத்தை யாரும் கண்டதில்லை. உச்சியில் கதவகலத்துக்கு ஓர் எல்.ஈ.டி. திரையைப் பூட்டினார்கள். அதில் தவிசாளர் இப்ஹாம் சிரித்தார். மூன்று மொழியிலும் வரவேற்றார். பகலில் சிரித்தார், இரவில் இன்னும் பிரகாசமாகச் சிரித்தார். திறப்புவிழாவன்று பட்டாசு வெடித்தபோது ஹாஜியாரின் இறால்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஹாஜியார்தான் பட்டாசு வாங்கிக் கொடுத்தவர்.

ஆட்கள் போன பிறகு பதியுதீன் கோபுரத்தின் நடுப்பகுதியில் கட்டிய கம்பியைச் செற்றோடு பொருத்தினார். ஹெட்போனை மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

ப்ர்ர்ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். மா அரைக்கிற மில்லுக்குள் தலையை விட்டதுபோல. அலைவரிசையைத் திருப்பினார், அங்கேயும் அதுதான். அந்தத் திரைக்குள் இருந்த மலிவான மின்சாரப் பெட்டிகள் எல்லா அலைவரிசையிலும் இரைந்துகொண்டிருந்தன. முன்பு வீட்டுக்குள் கட்டிய கம்பியில் மெல்லியதாகவாவது கேட்ட தனாபே, இப்போது அடியோடு இல்லை. ஊரெல்லாம் தவிசாளரின் சிரிப்பைப் பார்த்தது. அதைக் கேட்கிற பாக்கியம் பதியுதீன் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

சபைக்குப் போனார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், மஃரிபுக்குப் பிறகு மட்டும் அதை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டார்கள். யூஜீனியா மிஸ் மிகுந்த பொறுமையோடு கேட்டார்.

"நானா, அது என்ன சாமான்?"

"திரை மிஸ்."

"திரையெண்டா பாக்கிறதுக்கு. உங்களுக்குப் பார்வை இல்ல. பிறகு எப்பிடி அது உங்களுக்குத் தொந்தரவு குடுக்கும்?"

பதியுதீன் அலைகளைப் பற்றி விளக்கத் தொடங்கினார். மிஸ் எழுதிக்கொண்டே வாசித்தார்: "முறைப்பாட்டாளர் பார்வையற்றவர். திரையினால் பாதிப்பு இல்லை. கோப்பு மூடப்பட்டது." முத்திரை விழுந்தது. அந்த ஓசை இப்போது அவருக்கு வேறுமாதிரிக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மர்ஷூதா பர்தாவைக் கழற்றாமலே மின்சார மீற்றருக்குக் கீழே போய் நின்றாள். "இந்த மனிசன்ட பல்லுக்கு கரண்ட் போறது எங்கட ஊட்டில இருந்துதானே," என்றாள். மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் திரையின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

சத்தம் நின்றது. அலைவரிசை அமைதியாக விரிந்துகிடந்தது. பதியுதீன் விசையில் விரலை வைத்து ஜப்பானைக் கூப்பிட்டார். ஒருமுறை. இரண்டாவது முறை கூப்பிடத் தொடங்கும்போதே பதில் பாய்ந்து வந்தது. தனாபேயின் தட்டல் முன்பைவிடத் தளர்ந்திருந்தது, ஆனால் அவர்தான். எங்கே போயிருந்தீர் என்று கேட்டார். மோர்ஸில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சபை, அனுமதி என்று இரண்டு சொல்லை மட்டும் அனுப்பினார்.

தனாபே திருப்பி அனுப்பினார்: "விளங்குகிறது. நான் முப்பது வருடம் நகரசபையில் வேலை செய்தேன்."

பதியுதீன் சத்தமாகச் சிரித்தார். மர்ஷூதா சுவிட்சடியிலிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்டு, அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு எவ்வளவோ காலம்.

கொஞ்ச நாட்கள் அப்படி நடந்தது. தவிசாளரின் முகம் மஃரிபோடு அணைந்து, இரவு இஷாத் தொழுகையோடு எரிந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டதும் தவிசாளர் நேரிலேயே வந்தார். சாள்ஸும் இன்னும் இருவரும் கூட வந்தார்கள். ஹெட்போன் மாட்டியிருந்த பதியுதீனுக்கு அவர்கள் வந்தது கேட்கவில்லை. தனாபேயோடு பாதிச் சொல்லில் இருந்தார். யாரோ கம்பியைச் செற்றிலிருந்து உருவினார்கள். அந்தச் சொல் அந்தரத்தில் நின்றுபோனது.

"மன்னிக்கணும் நானா," என்றார் தவிசாளர். குரலில் உண்மையாகவே கவலை இருந்தது. "உங்களுக்கு இந்தக் கோபுரம் கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுக்கு ஆபத்து வர நான் உடமாட்டன். இந்த ரேடியோவாலதான் கோபுரத்துக்குக் கெட்ட பேர் வருது. உங்கட கோபுரத்தக் காப்பாத்தத்தான் இத எடுத்துக்கிட்டுப் போறம்."

"அது அவர்ட உசிரு தம்பி," என்றாள் மர்ஷூதா. "அரசாங்கம் குடுத்த லைசன் இரிக்கி."

"ரேடியோவுக்கு லைசன் இரிக்கி தங்கச்சி. கோபுரத்தில அதக் கொழுவ லைசன் இரிக்கா?"

செற்றைப் பழைய சீலையொன்றில் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஊரில் தவிசாளர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. ஆகவே அதே மாதத்தில் பதியுதீனைச் சபையின் கோபுர ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக நியமித்தார். கோபுர விஷயத்தில் இந்தப் பிரதேசத்தில் இவரைவிட அனுபவம் உள்ளவர் யார்? பெயர்ப் பலகை வைத்த கதிரை கொடுத்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் பற்றிஸ் பலகாரமும் பால்தேநீரும்.

முதலிரண்டு கூட்டங்களில் பதியுதீன் தன் செற்றைப் பற்றி மட்டும் கேட்டார். மூன்றாவது கூட்டத்துக்கு ஒரு புதிய விண்ணப்பம் வந்திருந்தது. உடப்பிலிருந்து கல்யாணம் முடித்து முந்தல் பக்கம் வந்திருந்த அனுஜா என்ற கணித ஆசிரியை. அமெச்சூர் அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறாள். தன் வளவில் ஒரு குழாய் நடக் கேட்டிருந்தாள். கூட்டம் தொடங்கமுன் யூஜீனியா மிஸ் பதியுதீனின் காதருகே குனிந்தார்.

"நானா, உங்கட செற் விஷயம் இண்டைக்கு ரெண்டாவதா வருது. தவிசாளர் நல்ல மனநிலையில இருக்கார். முதலாவது விஷயம் இழுபறி இல்லாம முடிஞ்சா உங்கடதும் முடியும்."

அனுஜா வந்து நின்றாள். கையில் காகிதங்கள் சரசரத்தன. தயங்கித் தயங்கிப் பேசினாள். பிறகு பதியுதீனின் பெயர்ப் பலகையை வாசித்திருக்க வேண்டும்; குரல் மாறியது.

"அங்கிள், நீங்கதானே அது? நான் படிக்கிற காலத்தில உங்கட மோர்ஸக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினனான். ஒரு ஜப்பான்காரரோட கதைப்பீங்க. அவர் இப்பவும் கூப்பிடுறார் அங்கிள். போன கிழமையும் கேட்டன். நீங்க பதில் சொல்லேல்ல."

மர்ஷூதா பின்வரிசையில் இருந்தாள். அவளுடைய மூச்சு பதியுதீனுக்குக் கேட்டது.

"எங்கட குழுவில இரிக்கிற ஒரே நிபுணர் பதியுதீன் நானா," என்றார் தவிசாளர். "அவர் செல்றதுதான் முடிவு. செல்லுங்க நானா. இந்தப் புள்ளைக்கு குடுக்கலாமா?"

பதியுதீன் வாயைத் திறந்தார். ஜப்பானில் கிழவர் ஒருவர் விசைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. எவ்வளவு காலம் தாங்குவார்? தேநீரில் ஒரு வாய் குடித்தார்.

"எடத்தப் பாக்கணும்," என்றார். "எடத்தப் பாக்காம ஒண்டும் செல்ல ஏலா."

"பாருங்க, இதுதான் பொறுப்பு!" என்றார் தவிசாளர். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அனுஜாவின் காகிதங்கள் மடிபடும் ஓசை கேட்டது. கதவு மெல்லச் சாத்தப்பட்டது. இரண்டாவது விஷயம், நேரம் போனபடியால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பஸ்ஸில் மர்ஷூதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளட மொகத்த நான் பாத்தன்," என்றாள், மதுரங்குளி தாண்டியதும். "நீங்க பாக்கல்ல. அல்லாஹ் உங்களுக்குச் செஞ்ச ஒதவி அது."

"செற் வந்திச்சிண்டா—" என்று தொடங்கினார் பதியுதீன். அவள் பயணச்சீட்டைச் சுருட்டி எறிந்த ஓசை கேட்டு நிறுத்திக்கொண்டார்.

அனுஜாவின் வளவைப் பார்வையிடும் தல பரிசோதனைக்குக் குறித்த நாளில் சபையின் வாகனம் அவரை ஏற்ற வந்து ஹோர்ன் அடித்தது. மர்ஷூதா தையல் மெசினைவிட்டு எழும்பவில்லை. இன்னும் வேகமாக மிதித்தாள். பதியுதீன் அலுமாரியைத் தடவி ஒரு சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார். நிபுணருக்கென்று முன்னாசனம் ஒதுக்கியிருந்தார்கள். சேட்டு மினுக்கியிருக்கவில்லை. பொத்தான்கள் மேலிருந்து கீழ்வரை ஒன்று மாறிப் பூட்டப்பட்டு, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் தொங்கியது. வாகனத்தில் சாள்ஸ் இருந்தார், யூஜீனியா மிஸ் இருந்தார், இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். முந்தல் வரைக்கும் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.